தார்ப்பாய் போட்டு மூடிய வெங்காயம்

“மோந்து பாருங்க.”

தனம் தன் வலக்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். புரட்டாசி மாதத்து மழைக் காலை, தூறல் நின்றபாடில்லை. கீழப்பழுவூரில் தங்கை மகளுக்குப் பிரசவம் என்று போயிருந்தவள், அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தாள். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நேரே கொல்லைக்குப் போய், நான் கட்டியிருந்த தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, வெங்காயம் கொட்டி வைத்திருந்த பட்டறைக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுத்திருந்தாள்.

அந்தக் கை சுட்டது. இட்லிப் பானையைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடு. கூடவே ஒரு நாற்றம். வெங்காய வாசனை என்று அதைச் சொல்ல முடியாது. புளித்த மாவும் அழுகிய முட்டைக்கோசும் கலந்த ஒரு வாடை.

“எப்ப மூடுனீங்க?”

“நீ போன அன்னிக்கே. டிவில கனமழைன்னு சொன்னான்.”

“மூணு நாளா?”

நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அப்படி ஒரு கட்டு கட்டியிருந்தேன். நாலு மூலையிலும் லாரிக்காரன் முடிச்சு. புயலே வந்தாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. படம் எடுத்துப் பழைய லாரி நண்பர்களுக்கு வாட்ஸப்பில் வேறு அனுப்பியிருந்தேன்.

தனம் பையை ஈரத் தரையிலேயே போட்டாள். “சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி” என்றாள். சொல்லிவிட்டு என் முடிச்சுகளை அவிழ்க்கப் போனாள். அவள் திட்டாமல் போனால்தான் எனக்குப் பயம்.

அந்தப் பட்டறைக்குள் இருந்தது வெறும் வெங்காயம் இல்லை. எங்கள் மகள் கயலின் கடைசி வருடப் படிப்பு.

மூன்று கூறு

போன வாரம் இதே பத்தியில் லாரியை விற்ற கதையை எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. அரியலூரில் இருந்து சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் ஓடியவன் நான். டீசல் விலை ஏறிக்கொண்டே போனது, வாடகை இறங்கிக்கொண்டே வந்தது, லோடுக்காக நாள் கணக்கில் வரிசையில் கிடந்தோம். கடைசியில் வண்டியைக் கொடுத்து, அதன் மேல் இருந்த கடனை அடைத்து, மிச்சப் பணத்தோடு தனத்தின் ஊரான வாலிகண்டபுரத்துக்கு வந்து சேர்ந்தேன். ஐம்பது வயதுக்கு மேல் வீட்டோடு மாப்பிள்ளை ஆனவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கையில் கொஞ்சம் காசு இருக்கிறது என்று தெரிந்தால் போதும், ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் நம் எதிர்காலத்தின் மேல் அக்கறை பிறந்துவிடும். ஒருவர் தங்கம் வாங்கு என்றார். ஒருவர் பைபாஸ் ஓரத்தில் பிளாட் என்றார். போய்ப் பார்த்தால் அங்கே மூன்று நட்ட கல்லும் ஓர் ஆடும் இருந்தன. கூட ஓட்டிய டிரைவர் ஒருவர் ஃபோனைக் காட்டி, “இந்த ஆப்ல போடுண்ணே, தூங்கி எந்திரிச்சா ஏறியிருக்கும்” என்றார். அடுத்த வாரம் டீக்கடையில் பார்த்தேன். ஆள் தூங்கியே பல நாள் ஆனது மாதிரி இருந்தார்.

என் யோசனை எல்லாம் ஒன்றுதான். மொத்தத்தையும் பேங்கில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். வட்டி வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், முதல் இருந்தால் போதும்.

“அது பத்தாதுங்க” என்றாள் தனம்.

பத்தாதுதான். திருச்சியில் நர்சிங் படிக்கும் கயலுக்கு ஃபீஸ், ஹாஸ்டல், பரீட்சைப் பணம் என்று எல்லாம் சேர்த்தால் எங்கள் கையிருப்பை விடக் கூடுதலாக வந்தது. கார்த்திகை முடிவதற்குள் கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. நான் பெரம்பலூரில் வேறொருவர் வண்டியை ஓட்டிக் கொண்டு வந்த சம்பளம் அரிசிக்கும் பருப்புக்கும் சரியாகப் போனது. புதுக் கடனுக்குத் தனம் தலையை அசைக்கவில்லை. காதில் கிடந்த தோடு ஒன்றுதான் மிச்சம், அதையும் பேங்கில் வைக்க நான் சம்மதிக்கவில்லை.

அது ஆவணி மாதம். சுற்று வட்டாரத்தில் எல்லாம் சின்ன வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். விலை தரைக்கு வந்திருந்தது. பிடுங்கும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று சிலர் வயலிலேயே விட்டுவிட்டார்கள்.

தனம் சொன்னாள்: “பணத்த மூணு கூறா போடுவோம். ஒரு கூறு போஸ்ட் ஆபீஸ்ல. அத நீங்களும் தொடக் கூடாது, நானும் தொடக் கூடாது. ரெண்டு கூறுக்கு வெங்காயம் வாங்கிப் பட்டறை போடுவோம். ஐப்பசில நடவு ஆரம்பிச்சா, இந்தக் காயத்தான் வெதைக்குக் கேட்டு வந்து நிப்பாங்க.”

“விலை ஏறலன்னா?”

“ஏறலன்னா அழுவோம். அதுக்குத்தான் ஒரு கூற எடுத்து வெச்சிருக்கோம்ல.”

லாரி விற்ற காசு வெங்காயமாக மாறி வந்து இறங்கிய அன்று நான் சோறு சாப்பிடவில்லை. நூறு மூட்டைக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. தனமும் அவள் தம்பி செந்திலும் கொல்லையில் பட்டறை கட்டினார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தரையில் கல்லை அடுக்கி, அதன் மேல் குச்சிகளைப் பரப்பி, இரண்டு பக்கமும் குச்சிப் படல் நிறுத்தி, நடுவில் காய்ந்த வெங்காயத்தைக் கொட்டி, தலைக்கு மட்டும் தென்னங்கீற்று வேய்வார்கள். அகலம் மூன்று அடி கூட இருக்காது. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போக வேண்டும். நாலு மாதம் ஆனாலும் காய் கல்லு மாதிரி இருக்கும்.

என் கண்ணுக்கு அது ஓட்டைப் பெட்டியாகத் தெரிந்தது. பணத்தை ஓட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு எவனுக்குத் தூக்கம் வரும்?

கல்லாகிப் போன மூட்டைகள்

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும்.

நான் வண்டி வாங்கிய புதிதில், திருமழபாடிப் பக்கம் ஒரு வீட்டு வேலைக்கு லோடு எடுத்துப் போனேன். வானம் பளிச்சென்று இருந்தது. தார்ப்பாய் எதற்கு என்று சுருட்டி வைத்துவிட்டேன். கொள்ளிடக்கரை ரோட்டில் திரும்பியதும் பிடித்தது பாருங்கள் ஒரு மழை. இறங்கி, பிரித்து, போர்த்துவதற்குள் மேல் அடுக்கு முழுக்க நனைந்துவிட்டது.

நனைந்த சிமெண்ட் ஒரு நாளில் கல்லாகிவிடும். அத்தனை மூட்டைக்கும் என் கையை விட்டுப் பணம் கட்டினேன். கல்லாகிப் போனவற்றில் நாலை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். மூட்டை வடிவம் மாறாமல், தையல் தடம் கூடத் தெரிந்தது. அரியலூர் வீட்டில் அதுதான் துணி துவைக்கிற கல். ஒவ்வொரு முறை தனம் அதில் துணியை அடிக்கும்போதும் எனக்கு முதுகில் விழுகிற மாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகு தார்ப்பாய் விஷயத்தில் நான் வேறு ஆள். சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டுதான் போவேன். மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். என் லோடு மட்டும் ஒரு நாளும் நனைந்ததில்லை. லாரியை விற்றபோது கூட ஸ்டெப்னியைக் கொடுத்தேன், ஜாக்கியைக் கொடுத்தேன், தார்ப்பாயைக் கொடுக்க மனம் வரவில்லை. மடித்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு வந்தேன்.

சிமெண்ட் ஊர்க்காரனுக்கு ஈரம்தான் எமன். அப்படிப்பட்டவன் தனியாக இருக்கும்போது டிவியில் கனமழை என்று சொன்னால் வேறு என்ன செய்வான்?

வெங்காய ஊர்க்காரிக்கு எமன் வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு மண்டபம்

தார்ப்பாயைப் பிரித்தபோது உள்ளிருந்து ஆவி வந்தது. கண்ணால் பார்த்தேன். செந்தில் ஓடி வந்தான். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கையை விட்டுக் கிளறினால் நடு அடுக்கு முழுக்க வேர்த்துப் போயிருந்தது. சில காய் விரல் பட்டதும் கொழகொழவென்று நசுங்கியது.

“மழை பெஞ்சா மேலாக்க நனையுங்க. நனைஞ்சா காத்து காய வெச்சிடும். மூடிட்டா எது காய வெக்கும்? எல்லாம் புழுங்கிப் போச்சு” என்றாள் தனம். கயல் பிறந்தபோது கூட அழாத மனுஷி, பட்டறைப் படலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

“அக்கா, இன்னிக்கே வித்துடலாம். வந்த வெலைக்கு வரட்டும்” என்றான் செந்தில்.

“சூடேறுன காய எவன்டா வாங்குவான்? நல்லதப் பிரிச்சு ஒலத்தணும். ரெண்டு நாளு நல்ல காத்து கெடைச்சாப் போதும், முக்கால்வாசி தேறிடும்.”

“வெளிய மழை. எங்க ஒலத்துறது?”

வீட்டுக்குள் பரப்பினால் பத்து மூட்டைக்கு மேல் கொள்ளாது. பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம் என்றான் செந்தில், அங்கே பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியதை இன்று வரை என் வாழ்நாள் சாதனையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மழைக்கு நனையாத பெரிய கூரை. காற்றுக்கு வரிசையாக ஃபேன். புரட்டாசி மாதம் முழுக்க ஈ காக்கா எட்டிப் பார்க்காத இடம்.

பெரம்பலூர் போகிற ரோட்டில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் நடேசனுக்கு ஃபோன் போட்டேன். அந்த மண்டபத்துக்குச் சிமெண்ட் இறக்கியது நான்தான்.

“அண்ணே, ரெண்டு மூணு நாளைக்கு மண்டபம் வேணும்.”

“பொரட்டாசில எவன்யா கல்யாணம் பண்றான்?”

“கல்யாணம் இல்லண்ணே. வெங்காயம்.”

“வெங்காயமா?” என்றார் நடேசன். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். தார்ப்பாய் போட்டு மூடியதைச் சொல்லும்போது என் குரல் தானாகத் தாழ்ந்தது. அவர் சிரித்தார்.

“அந்தத் தார்ப்பாயா? எனக்குக் கூரை காங்கிரீட் போட்ட அன்னிக்கு அரியலூர்ல இருந்து அடைமழையில வந்தியே, அதுவா?”

“அதேதாண்ணே.”

“அன்னிக்கு ஒரு மூட்டை நனைஞ்சிருந்தாலும் என் கூரை வேலை நின்னு போயிருக்கும்யா. வேலைக்கு வந்த அத்தன ஆளும் சும்மா ஒக்காந்திருப்பான். வா, வந்து கொட்டு. கரண்டு பில்ல மட்டும் கட்டிடு. ஆனா வாசம் போற வரைக்கும் கழுவிக் குடுக்கணும்.”

கூட ஓட்டிய நண்பர்களுக்குச் சொன்னேன். லோடு இல்லாமல் சும்மா நின்ற வண்டிகளுக்கா பஞ்சம்? மத்தியானத்துக்குள் இரண்டு வண்டி வந்துவிட்டது. ஏற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை எடுக்கலாமா என்று தனத்தின் முகத்தைப் பார்த்தேன்.

“வண்டி ஓடுற நேரத்துக்கு மட்டும். போனதும் நானே அவுப்பேன்” என்றாள்.

வெங்காயத்துக்கு ஊர்வலம்

அந்த மண்டபம் இருந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பந்தி போடுகிற கூடத்தில் வெங்காயம். மணமேடையில் வெங்காயம். மாப்பிள்ளை அறையில் கூட வெங்காயம். தலைக்கு மேல் அத்தனை ஃபேனும் முழு வேகத்தில் சுற்ற, சருகுத் தோல் பறந்து பறந்து எல்லார் தலையிலும் விழுந்தது, அட்சதை போட்ட மாதிரி.

தெருவில் இருந்து ஏழெட்டுப் பெண்கள் கூலிக்கு வந்தார்கள். வரிசையாக உட்கார்ந்து காயைப் பிரித்தார்கள். ஒரே சிரிப்பு.

“ஏன்க்கா, பொண்ணு எந்த ஊரு?” என்று ஒருத்தி கேட்டாள்.

“பொண்ணு வாலிகண்டபுரந்தான். மாப்ளதான் அரியலூரு. பொண்ணப் போத்தி மூடியே கொன்னுட்டாரு” என்றாள் தனம், என்னைப் பார்க்காமலே.

அவள் வாயில் கேலி வந்துவிட்டது என்றதும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. நான் விளக்குமாறை எடுத்துக்கொண்டு சருகைக் கூட்டப் போனேன்.

மூன்றாம் நாள் கணக்குத் தெரிந்தது. எட்டில் ஒரு பங்கு அழுகி எருக்குழிக்குப் போனது. அடிபட்ட காயைத் தனியாகப் பிரித்து டவுனில் மெஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த வாரமே சல்லிசாகக் கொடுத்தோம். அதில் கூலி, கரண்டு பில், வண்டி டீசல் மூன்றும் அடைபட்டன. மற்றதெல்லாம் உலர்ந்து, தட்டினால் கலகலவென்று சத்தம் போட்டது. மண்டபத்தை நாங்களே கழுவினோம். முதல் ஐப்பசி முகூர்த்தத்தில் மணமேடைப் பக்கம் சாம்பார் வாசம் வந்ததாக நடேசன் சொன்னார். சாப்பிட வந்தவர்கள் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை.

திரும்ப வந்து தனமும் செந்திலும் பட்டறையை முன்னை விட ஒடுக்கமாகக் கட்டினார்கள். கீற்றை மட்டும் கொஞ்சம் இறக்கி வேய்ந்தார்கள். அதற்குப் பிறகு மழை பெய்தபோதெல்லாம் நான் ஜன்னலோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். தார்ப்பாய் இருந்த அறையைத் தனம் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகியிருந்தாள்.

உச்சி என்று ஒன்று

ஐப்பசி பிறந்தது. நடவுக்கு விதை கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அந்த மழையில் பல ஊர்களில் வெங்காயம் கெட்டுவிட்டதாம். விலை ஆவணியில் நாங்கள் வாங்கியதைப் போல் இரண்டு மடங்கானது.

“இப்ப வித்துடலாம்” என்றேன்.

“பாதி” என்றாள். பாதியைக் கொடுத்தாள்.

பத்து நாளில் விலை இன்னும் ஏறியது. பாதியை விற்றதற்காக நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் கொஞ்சம் இறங்கியது. மீதியை விற்காததற்காக மறுபடி அடித்துக்கொண்டேன். செந்தில் மணிக்கு ஒரு தரம் ஃபோனைப் பார்த்து விலை சொல்வான். நாங்கள் இருவரும் சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருக்க, தனம் தினமும் காலையில் பட்டறைக்குள் கையை விட்டுப் பார்ப்பதோடு சரி.

கார்த்திகை முதல் வாரம் வேப்பந்தட்டைப் பக்கத்து வியாபாரி ஒருவர் வந்து ஒரு விலை சொன்னார். தனம் மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஃபீஸுக்குப் போதும், மேற்கொண்டும் மிஞ்சும். “எடுத்துக்குங்கண்ணே” என்று சொல்லிவிட்டாள். வண்டி ஏறி நாலு நாள் கூட ஆகவில்லை, விலை மேலும் ஏறியது. எனக்கு வயிறு எரிந்தது.

“கொஞ்சம் பொறுத்திருந்தா உச்சில வித்திருக்கலாம் தனம்.”

“உச்சி எதுன்னு எறங்குன பொறவுதாங்க தெரியும். நமக்கு எவ்வளவு வேணும்னு மொதல்லயே தெரியும்ல. அது வந்துடுச்சு.”

வெங்காயம் வண்டி ஏறிய அன்று மத்தியானமே கயலுக்கு ஃபோன் செய்தேன். பணம் அனுப்பியாயிற்று என்று சொன்னேன். “அப்பா, நெசமாவா?” என்றாள். நிஜம்தான் என்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அவள் ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகத் தயாராகி இருந்திருக்கிறாள். அதை அப்போதுதான் சொன்னாள். நான் ஃபோனைத் தனத்திடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். வாழ்க்கையில் லாரி வாங்கிய அன்றுகூட நான் அப்படி நிமிர்ந்து நடந்ததில்லை.

போஸ்ட் ஆபீஸில் போட்ட கூறு அப்படியே இருந்தது. தனத்தின் தோடு அவள் காதிலேயே இருந்தது.

தார்ப்பாய் என்ன ஆனது?

லாரி விற்ற கதையைப் படித்துவிட்டு, கொடுக்காமல் வைத்துக்கொண்ட அந்தத் தார்ப்பாய் என்ன ஆனது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நன்றாகவே இருக்கிறது. இப்போது வருடா வருடம் ஆவணியில் நாங்கள் பட்டறை போடுகிறோம். வெங்காயத்தை வாங்கி வந்ததும் களத்தில் அந்தத் தார்ப்பாயை விரித்து, அதன் மேல் கொட்டி உலர்த்துகிறோம். வெங்காயத்துக்குக் கீழே இருக்கலாம், மேலே போகக் கூடாது. தனம் போட்ட சட்டம் அது. கீற்று வேயும்போது கயிறு கட்டுகிற வேலை மட்டும் என்னுடையது. “முடிச்சு போடுறதுல ஒங்க அப்பாவ அடிச்சுக்க ஆளில்ல” என்று மகளிடம் அவளே சொல்லியிருக்கிறாள்.

கயல் இப்போது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். முதல் சம்பளம் வாங்கிய அன்று வீடியோவில் கூப்பிட்டாள். நானும் தனமும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தோம்.

“அம்மா, சம்பளத்த என்ன பண்றது? எதுல போடலாம்?”

“மூணு கூறா போடு சாமி. ஒரு கூறு நீ தொடவே கூடாது. ஒரு கூறு ஒன் செலவுக்கு. ஒரு கூறு வளர்றதுக்கு.”

“அந்த வளர்ற கூற அப்பாகிட்ட அனுப்பட்டுமா?”

தனம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் அந்தப் புரட்டாசிக் காலை தெரிந்தது.

“ஐயோ வேணாம்டி. தார்ப்பா போட்டு மூடிடுவாரு.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஃபோன் என் கையிலிருந்து நழுவிவிட்டது. எடுத்துப் பார்த்தால் திரையில் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.